மூன்றடிக்கு இரண்டடி

"நேத்து பூரா உன் டிராம் ஓடிக்கிட்டே இருந்துச்சே பெர்னார்ட், அதுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஐடா பிராம்லி.

வாசல்படியில் நின்று ஈரச் சருகுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். தலைமுடியில் சுருள் உருளைகள், அவற்றின் மேல் இறுக்கிக் கட்டிய துணி. எழுபத்தாறு வயது. முப்பது வருஷமாக ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் பெர்னார்ட்.

"தொந்தரவா இருந்துச்சா ஐடா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம்னு படுத்தேன், அதான் சுவத்துல ரெண்டு தட்டு தட்டினேன். நீ திருப்பி ரெண்டு தட்டினே. நான் மறுபடி ரெண்டு. நீயும் ரெண்டு. இந்த வயசுல கூட விளையாட ஒரு ஆம்பளை கிடைச்சானேன்னு சிரிச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

பெர்னார்ட் சிரிக்கப் பார்த்தார். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர் அவர். டான்காஸ்டரில் பழைய டிரைவர் ஒருவரின் சவ அடக்கம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது மாலை ஆறு மணி தாண்டியிருந்தது.

அதைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் 'ரெண்டு தட்டு' என்று அவள் சொன்னது நெஞ்சில் எங்கேயோ போய் இடித்துக்கொண்டு நின்றது.

"இனிமே பாத்து ஓட்டறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

ஷெஃபீல்டின் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் மாடிப்படிக்கு மேலே ஒரு குட்டி அறை இருக்கும். ஏழடிக்கு ஆறடி. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு. இல்லாத வீட்டில் பெட்டிகளுக்கு. பெர்னார்ட் அதற்குள் ஒரு தெருவையே கட்டியிருந்தார். நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் இரண்டடி அகலப் பலகை. அதன்மேல் அட்டையில் வெட்டி, செங்கல் அச்சிட்ட காகிதம் ஒட்டிய வரிசை வீடுகள், கரி படிந்த புகைபோக்கிகள், மூலையில் ஒரு மதுக்கடை, தலைமுடி கனத்தில் மேலே ஓடும் செப்புக் கம்பி. பொம்மை ரயில் திரும்ப ஒரு கூடமே வேண்டும். இந்தக் கையளவு மின்சார டிராமுக்குச் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பளவு வளைவு போதும். பதினெட்டு வயதில் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு, ஊரில் கடைசி டிராம் ஓய்ந்த நாள் வரைக்கும் அதிலேயே தொங்கியவருக்கு அந்த வளைவுகள் கண்ணை மூடினாலும் தெரியும்.

பலகைகள் போக நடுவில் மிஞ்சியது மூன்றடிக்கு இரண்டடிக் குழி. அதில் ஒரு உயரமான முக்காலி. முக்காலியில் ஒரு ஆள். வாசலையும் பலகை மறித்துவிட்டதால் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிப் பொருத்தியிருந்தார். உள்ளே போக வேண்டுமென்றால் பலகைக்கு அடியில் குனிந்து தவழ்ந்து, குழிக்குள் எழுந்து நிற்க வேண்டும். பலகைக்குக் கீழே அட்டைப்பெட்டிகளும் மரத்துண்டுகளும் கிடந்தன. அவை கண்ணில் படாமல் இருக்க, குழியைச் சுற்றி நாலு பக்கமும் யுத்தகாலத்துக் கறுப்புத் திரைத்துணியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்.

"நான் எங்க உக்கார்றது?" என்று கட்டி முடித்த அன்று கேட்டாள் மனைவி ஹில்டா.

"ரெண்டு பேருக்கு இடமில்லம்மா."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் வாசலில் நின்று, பலகை விளிம்பில் முழங்கையை ஊன்றி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள். அவள் போய் இது இரண்டாவது குளிர்காலம்.

ஐடா சொன்ன அன்றைக்கு அவர் தவழ்ந்து உள்ளே போய்ப் பார்த்தபோது, மின்செருகி எப்போதும் போலப் பிடுங்கித் தரையில் கிடந்தது. ஆனால் டிராம் தெருக்கோடியில் அதன் அட்டைக் கொட்டகையில் இல்லை. தெரு நடுவில், மதுக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. வெளியே போகுமுன் அதைக் கொட்டகையில் விட்டு விளக்கை அணைப்பது அவருக்குப் பல் தேய்ப்பது போல. மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபத்திரண்டு வயது. தேநீரில் சர்க்கரை போட்டோமா என்பதே மறந்துபோகிறது.

மறுநாள் ஹில்டாவின் தையல் பெட்டியிலிருந்து சாம்பல் நிற நூலை எடுத்து, கொட்டகை வாசலில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒட்டிவைத்தார். செருகியைப் பிடுங்கினார். வீட்டைப் பூட்டினார். சரிவில் இறங்கிக் கடைத்தெரு வரைக்கும் போய், ஒரு ரொட்டியும் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரமும் வாங்கி, வேண்டுமென்றே சுற்றுவழியில் ஏறி வந்தார். நவம்பர் கடைசி. மூன்றரை மணிக்கே வானம் அழுக்குக் கம்பளி மாதிரி கூரைகளின் மேல் இறங்கியிருந்தது. கதவைத் திறந்து கூடத்தில் நின்றார். ஈரக் கோட்டின் வாசனை, அணைந்துபோன கரியடுப்பின் வாசனை, எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், இவை எல்லாவற்றுக்கும் மேலே, மாடியிலிருந்து, தண்டவாளத்தின் இணைப்புகளில் சின்னச் சக்கரங்கள் ஏறி இறங்கும் டிக், டிக், டிக்.

பதிமூன்று படிகள். எட்டாவது படியில் அவர் கால் வைத்தபோது சத்தம் நின்றது.

செருகி தரையில்தான் கிடந்தது. டிராம் மதுக்கடை வாசலில். சக்கரத்தில் சாம்பல் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தார். அப்போதுதான் இட்ட முட்டை போலச் சூடாக இருந்தது. சூடேறிய எண்ணெயின் வாசனையும் மின்பொறி தெறித்த பின் வருகிற காரமும் அறையில் நிறைந்திருந்தன. முக்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

முக்காலியும் சூடாக இருந்தது.

பயந்தார். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று.

ஹில்டா நெஞ்சுச் சளியோடு பக்கத்துப் படுக்கையறையில் கிடந்த கடைசி வாரம். பெர்னார்ட் குழிக்குள் உட்கார்ந்து கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். டொக், டொக் என்று சுவரில் இரண்டு தட்டு. ஐடாதான், அவளைத் தூங்க விடாமல் பண்ணுகிறோம் போல என்று நினைத்தார். திருப்புளியின் கைப்பிடியால் இந்தப் பக்கம் இரண்டு தட்டு தட்டினார். மறுபடி இரண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி இரண்டு கொடுத்தார். மூன்றாம் தடவை வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தேநீரோடு போனபோது, ஹில்டா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். விரல் முட்டிகள் சுவரில் பட்டபடியே இருந்தன. தண்ணீர்க் கூஜா அவளுக்கு எட்டாத இடத்தில்.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மகளிடம் சொன்னார். டாக்டரிடமும் அதையே சொன்னார்.

இப்போது குழிக்குள் நின்றபடி, டிராமைக் கையில் பிடித்துக்கொண்டு, படுக்கையறைச் சுவர்ப் பக்கம் குனிந்து விரல் முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு.

காத்திருந்தார். வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

டொக். டொக்.

"ஹில்டா?" என்றார். "ஹில்டா, நீதானா?"

டொக். டொக்.

அவர் அழுதார். புகைபோக்கிகளுக்கு நடுவே பலகையில் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் சவ அடக்கத்தன்றுகூட வராத அழுகையை அழுது தீர்த்தார். "அன்னிக்கு நான் எந்திரிச்சு வந்திருக்கணும்மா. ஐடான்னு நினைச்சிட்டேன். சத்தியமா ஐடான்னுதான் நினைச்சேன். என்னை மன்னிச்சிட்டியா?"

இரண்டு தட்டு.

அதற்கப்புறம் வந்த மூன்று வாரங்கள், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குச் சந்தோஷமான வாரங்கள். தினமும் முகம் மழித்தார். பணியாரம் இரண்டாக வாங்கினார். மத்தியானம் ஒரு மணிக்கு வேண்டுமென்றே வெளியே போய், அவள் ஆசை தீர ஓட்டட்டும் என்று பூங்காவில் குளிரில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் விசையைத் தொட விட்டதில்லையே என்ற நினைப்பு அவரை அங்கே உட்காரவைத்தது. மூன்று மணிக்குத் திரும்பி வந்து, சூடான முக்காலியில் உட்கார்ந்து, நாள் பூரா நடந்ததைச் சொல்வார். தட்டு வரும். சொல்வார். தட்டு வரும். வாழ்நாளில் ஹில்டாவிடம் இவ்வளவு பேசியதில்லை.

"ஆளே மாறிட்டியே கண்ணு, யாரையாச்சும் பாத்துவச்சிருக்கியா?" என்று ஐடா கண்ணடித்தாள். "அந்தக் கடைக்காரி பக்கம் போகாதே, ரெண்டு புருஷனை முழுங்கினவ."

லிங்கனில் இருந்த மகள் ஜூடித்துக்குத்தான் பிடிபடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் மூன்றரை மணி வாக்கில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்களுக்குன்னு பின்னறைக்கு வெள்ளையடிச்சாச்சு. சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வரோம். மறுபடியும் ஏதாச்சும் சாக்கு சொல்லாதீங்க."

"நான் வரலம்மா. எனக்கு இங்க துணை இருக்கு."

"என்ன துணை? பிராம்லி கிழவியா?"

"சும்மா இரு. அப்படியெல்லாம் இல்ல."

"அப்பா, ராத்திரி சாப்பிடறீங்களா? உங்க குரலே என்னவோ போல இருக்கு. யாரோ பக்கத்துல நிக்கற மாதிரி மெதுவாப் பேசறீங்க."

"சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

மாடிக்குப் போனார். பெட்டிகளுக்கு நடுவே தவழ்ந்து, துணியை விலக்கிக் குழிக்குள் எழுந்து முக்காலியில் ஏறினார். ஜன்னலில் பகல் ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. விளக்கைப் போடவில்லை, படிமேல் எரிந்த பல்பின் வெளிச்சம் வாசலில் மஞ்சளாக விழுந்தது, அது போதும். டிராம் அவருக்கு எதிரே மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவர் உள்ளே வந்தாலும் அது நிற்பதில்லை.

"ஜூடித் கூப்பிடறா" என்றார் கேலியாக. "என்ன சொல்றே? நான் போயிடட்டுமா?"

இரண்டு தட்டு.

"அடிப்பாவி! விரட்டறியா என்னை? சரி, போக வேண்டாமா?"

இரண்டு தட்டு.

சிரித்தார். "ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. போகணுமா, கூடாதா?"

இரண்டு தட்டு.

டிராம் வளைவில் திரும்பியது. சிரிப்பு அவர் வாயில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக அவள் ஒரு தடவைகூட ஒற்றைத் தட்டுத் தட்டியதில்லை. ஒரு தடவைகூட மூன்று தட்டியதில்லை. எது கேட்டாலும், எது சொன்னாலும், தும்மினால்கூட.

"நீ ஹில்டாதானே?" என்றார்.

இரண்டு தட்டு.

கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டார்.

"நீ ஹில்டா இல்லையா?"

இரண்டு தட்டு. அதே கனம். அதே இடைவெளி.

"நீ என் அம்மாவா?"

இரண்டு.

"நீ செத்த ஆளா?"

இரண்டு.

"நீ எப்பவாவது உயிரோட இருந்தியா?"

முதல் தடவையாகத் தட்டு வரத் தாமதமானது. யோசிக்கிற மாதிரி இல்லை. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. அப்புறம் வந்தது. இரண்டு.

பெர்னார்ட் கையை நீட்டிப் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். சுவர் குளிர்ந்து ஈரமாக இருந்தது. மறு கையால் பலகை விளிம்பை இரண்டு தடவை தட்டினார். பதில் வந்தது. சுவர் அதிரவில்லை. துளிகூட இல்லை.

அதிர்ந்தது முக்காலியின் கால்.

கீழே. பலகைக்கு அடியில். அவர் முழங்காலுக்கு நேர் எதிரே, துணிக்கு அந்தப் பக்கம். அவர் தினமும் தவழ்ந்து வருகிற வழியில்.

மெதுவாகக் கால்களை மேலே தூக்கி முக்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டார். மூச்சை அடக்கினார். டிராமின் டிக், டிக், டிக். தன் காதில் தன் இரத்தம். அப்புறம் அதற்கும் கீழே, மிக மெல்லியதாய், துணி உரசுகிற சத்தம். எதிரே தொங்கிய கறுப்புத் துணி ஒரு விரல் அளவு உள்ளே இழுபட்டது. நின்றது. ஒரு விரல் அளவு வெளியே உப்பியது. உள்ளே. வெளியே. படுத்திருக்கிற ஒருவரின் வயிறு மாதிரி.

இடப்பக்கம் பார்த்தார். அங்கேயும்.

வலப்பக்கம். முதுகுப் பக்கம்.

நாலு பக்கத் துணியும் ஒரே சமயத்தில் உள்ளே போய், ஒரே சமயத்தில் வெளியே வந்தது.

கீழே இறங்க முடியாது. தவழ முடியாது. மேலேதான் வழி. மேலே அவருடைய தெரு. ஏழு வருஷம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக ஒட்டிய திரைச்சீலை. ஹில்டா கத்தரித்துக் கொடுத்தவை அவை. பெர்னார்ட் முக்காலி மேல் ஏறி நின்றார். முக்காலி ஆடியது. வாசல் பக்கப் பலகையின் மேல் ஒரு முழங்காலை வைத்தார். ஆறு வீடுகள் நொறுங்கின. இன்னொரு முழங்கால். மதுக்கடை. செப்புக் கம்பி கன்னத்தைக் கீறியது. டிராம் வந்து தொடையில் இடித்துக் கவிழ்ந்து, சக்கரம் மேலே சுழலக் கிடந்தது. பலகை முனகியது. கீழே துணி வேகமாக மூச்சு வாங்கியது. ஏதோ கணுக்காலில் பட்டது. பிடிக்கவில்லை. தொட்டது மட்டும். துணியின் தரத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

அவர் கத்தினார். வார்த்தையில்லாத சத்தம். அப்படியே முன்னால் சாய்ந்து, திறந்த வாசல் வழியாகப் படிமேல் விழுந்தார். தோள் எலும்பு இடித்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கிடந்தார்.

"பெர்னார்ட்!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஐடாவின் குரல். "என்ன கண்ணு, விழுந்துட்டியா? இரு, செருப்பை மாட்டிக்கிட்டு வரேன்!"

வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். குரல் எழும்பவில்லை. கதவைச் சாத்த வேண்டும். எழுந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பினார்.

பல்பின் மஞ்சள் வெளிச்சம் பலகை மேல் விழுந்து, நசுங்கின கூரைகளைக் காட்டியது. அவற்றுக்கு அப்பால் இருட்டுக் குழி. குழியின் விளிம்பில் ஒரு கை மேலே வந்தது. அவசரமில்லாமல். இடிபாடுகளைத் தடவித் தடவி வந்து, கவிழ்ந்து கிடந்த டிராமைக் கண்டுபிடித்து நின்றது.

பெண்ணின் இடது கை. மெல்லிய தங்க மோதிரம். மணிக்கட்டில், கல்யாணமான புதிதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, பிறை வடிவில். நாற்பது வருஷம் அவர் பிடித்துத் தூங்கிய கை.

"ஹில்டா..." என்றார் பெர்னார்ட். பயம் முழுக்க அவரை விட்டு இறங்கியது. முழங்கையை ஊன்றி எழுந்து, அந்தக் கையை நோக்கித் தன் கையை நீட்டினார்.

அதன் பக்கத்தில் இரண்டாவது கை மேலே வந்தது. டிராமைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டது.

அதுவும் இடது கை. அதே மோதிரம். அதே தழும்பு.

அப்புறம் குழியின் மறு விளிம்பில் மூன்றாவது.